பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் காட்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கணினிப் பெட்டிக்குள்ளே சொருகும் ஒரு பலகையைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேச என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். ஆனால், அவர்களுடைய வீடுகளிலேயே இந்த விஷயம் சில மாதங்களாக வாதப் பிரதிவாதமாக நடந்து வருகிறது என்பது பின்வரிசையில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் இப்பொழுது சிரிப்பதிலிருந்தே அது விளங்குகிறது.

நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. மூத்த பிள்ளை உயர்தர வகுப்புக்குப் போன காலத்தில் வாங்கியது. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போய், உத்தியோகமும் எடுத்து, வெளியூரும் போய்விட்டது; பெட்டி மாத்திரம் அதே மூலையில், அதே துணிப் போர்வையோடு இருக்கிறது. இப்பொழுது இளைய பிள்ளை அதன் முன்னால் இருந்துகொண்டு, "அப்பா, இதுக்கு ஒரு கிராபிக்ஸ் காட் போட்டால் காணும், எல்லாம் சரிவரும்" என்கிறது. "விளையாட்டுக்குத்தானே?" என்று தகப்பனார் கேட்கிறார். "இல்லை, படிப்புக்கு" என்கிறது பிள்ளை. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. தாயாரோ சீட்டெடுத்து வைத்த காசை மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறார்.

அந்தக் காசைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். காட் வாங்கிக்கொண்டு வந்து, அது பெட்டிக்குள் கொள்ளாமல், அல்லது கொண்டும் ஒளி வராமல், கடைக்காரரும் திருப்பி எடுக்காமல், கடைசியில் அலுமாரிக்குள் படுத்துக்கிடக்கும் காட்டுகளை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அவை பெரும்பாலும் நல்ல காட்டுகளே. ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு உரியனவல்ல. "எந்தக் காட் திறம்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வருகிற வாலிபர்களுக்கு நான் சொல்லும் முதல் மறுமொழி, "பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டு வாரும், பிறகு பேசுவோம்" என்பதுதான்.

முதலில், இந்தக் காட் செய்யும் வேலை என்னவென்று பெரியவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஒரு தலைமைச் சமையற்காரர் இருப்பார். எந்தக் கறிக்கு எப்பொழுது உப்பு, எந்த அடுப்பைத் தணிப்பது, பந்திக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அவர் தலையில். அவரைப்போல நான்கு பேர் கிடைத்தால் பெரிய காரியம். ஆனால் இருநூறு தேங்காய் திருவவேண்டுமென்றால் அந்த நான்கு பேரையும் வைத்துத் திருவுவது புத்தியன்று. அயலவர் நாற்பது பேர் ஆளுக்கொரு திருவலையோடு இருந்தால் வேலை ஒரு நாழிகையில் முடிந்துவிடும். கணினியிலே புரொசசர் என்பது தலைமைச் சமையற்காரர். கிராபிக்ஸ் காட் என்பது தேங்காய் திருவும் கூட்டம்.

இங்கே தேங்காய் எது? திரையில் உள்ள புள்ளிகள். இன்று சாதாரணமாக வீடுகளில் உள்ள மொனிற்றரில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. இதை ஒரு விநாடிக்கு 60 தடவை புதிதாக வரையவேண்டும். அதாவது விநாடிக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் என்ன, வெளிச்சம் எவ்வளவு, எது எதை மறைக்கிறது என்று கணக்குப் பார்க்கவேண்டும். கணக்கு எளிது, எண்ணிக்கைதான் பெரிது. ஆகவே எளிய கணக்கைச் செய்யும் சிறு உறுப்புகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒரே சில்லில் அடுக்கினார்கள். 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஜி.ரி.எக்ஸ். 1650 என்னும் சாதாரணமான காட்டிலேயே அப்படி 896 உறுப்புகள் இருக்கின்றன.

இந்தத் திருவும் கூட்டத்தைத் தேங்காய்க்கு மாத்திரமன்றி வேறு வேலைக்கும் கூப்பிடலாம் என்ற எண்ணம் பின்னர் வந்தது. என்விடியா நிறுவனம் 2007ஆம் ஆண்டில் கூடா என்னும் மென்பொருள் வழியை வெளியிட்டு, படம் வரையும் காட்டைக் கொண்டு விஞ்ஞானக் கணக்குகளும் போடலாம் என்று வழிதிறந்தது. இன்று உலகமெல்லாம் பேசப்படும் செயற்கை நுண்ணறிவின் பயிற்சி பெரும்பாலும் இவ்வகைச் சில்லுகளின் மேலேதான் நடக்கிறது. ஆகையால், "விளையாட்டுச் சாமான்" என்று இதைத் தள்ளிவிடும் பெரியவர்கள் அந்த அபிப்பிராயத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒன்று சொன்ன நான் வாலிபர்களுக்கும் ஒன்று சொல்லாவிட்டால் நடுவு நிலைமை ஆகாது. கட்டுரை எழுத, கணக்கு வைக்க, இணையத்தில் வாசிக்க, சூம் வகுப்புக் கேட்க, நிரல் எழுதிப் பழக, இவை ஒன்றுக்கும் தனியான காட் தேவையில்லை. இன்டெல் புரொசசர்கள் பெரும்பாலானவற்றுக்குள்ளேயே படம் வரையும் பகுதி ஒன்று உண்டு. இவ்வேலைகளுக்கு அது போதும். கணினியைத் திறந்தால் தேநீர் குடித்து முடியும்வரை அது சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் உமது குறையானால், அது காட்டின் குற்றமன்று. பழைய சுழல்தட்டு வன்வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று போடும், 4 கிகாபைட் றாம் இருந்தால் 8 அல்லது 16 ஆக்கும். காட்டின் விலையிற் சிறு பங்குதான் செலவாகும். வித்தியாசமோ அன்றைக்கே தெரியும். இதைச் செய்யாமல் காட் போடுவது, ஊற்று அடைத்த கிணற்றுக்குப் புதுத் துலா நடுவது போன்றது.

ஆனால், கட்டிடக்கலை படிக்கிற பிள்ளை முப்பரிமாணப் படம் வரைகிறதென்றால், பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் அசைபடம் செய்து பழகுகிறதென்றால், கலியாணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுத்து நாலு காசு உழைக்கிறதென்றால், செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்குச் சிறிய மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புகிறதென்றால், காட் உண்மையான தேவை. இரவு முழுவதும் புரொசசரை வருத்திச் செய்யும் வேலையைக் காட் சிறு பொழுதிற் செய்து முடிக்கும். விளையாட்டும் ஒரு தேவைதான். அதை ஒளித்துப் "படிப்புக்கு" என்று சொல்லவேண்டியதில்லை. பரீட்சை முடிந்த பிள்ளை வீட்டிலிருந்து விளையாடினால் வானம் இடிந்து விழுந்துவிடாது.

நிற்க, இனிப் பெட்டியைத் திறப்போம். பொதுவாகப் பேசினால் மனத்திற் பதியாது. ஆகவே ஒரு பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு அலுவலகங்களில் சில வருஷம் உபயோகித்துக் கழித்த கணினிகள் இங்கே கடைகளில் விலைப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் டெல் கம்பனியின் ஒப்டிபிளெக்ஸ் 9020 என்பது ஒன்று. 2013இல் வெளிவந்தது, இன்டெல்லின் நான்காம் தலைமுறைப் புரொசசர் கொண்டது. உறுதியான சாமான். அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டதால் தகடு கனம், பூட்டு நல்லது, உள்ளே வயர்கள் ஒழுங்கு. நான் இதை இழிவாகச் சொல்ல வரவில்லை. ஆனால் இது கணக்கப்பிள்ளையின் மேசைக்கென்று பிறந்தது. பெரிய காட் போடுவதை நினைத்து இதை யாரும் வடிவமைக்கவில்லை.

ஒப்டிபிளெக்ஸ் 9020 என்ற ஒரே பெயரில் பல அளவுப் பெட்டிகள் உண்டு. நிமிர்ந்து நிற்கும் கோபுரப் பெட்டி ஒன்று; அதைவிட ஒடுக்கமான சிறு பெட்டி ஒன்று; புத்தகம்போன்ற மிகச் சிறியவையும் உண்டு. மிகச் சிறியவற்றில் காட் போட இடமே இல்லை. அங்கே பேச்சு முடிந்தது. ஒடுக்கமான பெட்டியில் அரை உயரக் காட் மாத்திரம் நுழையும். அதிலும் தடிப்பைப் பார்க்கவேண்டும். இரண்டு இடம் பிடிக்கும் தடித்த விசிறியுள்ள காட் பலவேளைகளில் முட்டிக்கொள்ளும். கோபுரப் பெட்டியில் முழு உயரக் காட் போகும். நீளத்தை மாத்திரம் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் முன்பக்கத்து வன்வட்டுக் கூடு வழியில் நிற்கும். கடைக்குப் போகுமுன் இந்த அளவுகளை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். தையற்காரரிடம் போகும்போது அளவுச் சட்டை கொண்டு போவதில்லையா?

அடுத்தது மின்சாரம். பெரும்பாலான சங்கடங்கள் பிறப்பது இங்கேதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் பின்பக்க மூலையில் மின்சாரம் வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும் பவர் சப்ளை இருக்கிறது. நமது கோபுரப் பெட்டியில் அது 290 வாற்று. ஒடுக்கமான பெட்டியில் 255 வாற்று. காட் சொருகும் நீண்ட பொந்துக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். நியமத்தின்படி அந்தப் பொந்து தானாகவே 75 வாற்று வரை கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டிய காட்டுகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வரவேண்டும். ஆறு ஊசி கொண்ட இணைப்பி 75 வாற்றும், எட்டு ஊசி கொண்டது 150 வாற்றும் கொடுக்கும். நமது பெட்டியின் பவர் சப்ளையில் இந்தத் தனி வயர் இரண்டும் இல்லை. ஆகவே இந்தப் பெட்டி தாங்கக்கூடிய காட், பொந்திலிருந்து வரும் 75 வாற்றுக்குள்ளேயே சீவிக்கும் காட்தான். புரொசசர் 84 வாற்று, காட் 75 வாற்று, மற்றவை கொஞ்சம் என்று கூட்டிப் பார்த்தால் 290க்குள் வசதியாக அடங்கும். சில சிறு பெட்டிகளில் உற்பத்தியாளர் 75இலும் குறைந்த எல்லையை விதித்திருப்பர். அது கைநூலில் எழுதியிருக்கும்.

"அண்ணை, பவர் சப்ளையையே மாற்றினால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்பார். சாதாரணமாகச் சேர்த்துக் கட்டிய பெட்டியானால் மாற்றலாம். அது நல்ல வழியுங்கூட. ஆனால் 9020இன் தாய்ப்பலகைக்கு வரும் மின் இணைப்பி எல்லாரும் உபயோகிக்கும் 24 ஊசி இணைப்பியன்று; டெல்லுக்கே உரிய எட்டு ஊசி இணைப்பி. சந்தையில் வாங்கும் பவர் சப்ளை நேரே பொருந்தாது. இடைமாற்றி வயர் தேடவேண்டும். அதையெல்லாம் தேடிக் காசைக் கூட்டிப் பார்த்தால், வேறொரு பெட்டியின் விலையில் பாதி வந்து நிற்கும்.

இன்னொரு குறுக்கு வழியும் கடைகளில் விற்கப்படுகிறது. வன்வட்டுக்குப் போகும் சாட்டா மின் வயரிலிருந்து, காட்டுக்குரிய ஆறு ஊசி இணைப்பிக்கு மாற்றும் சிறு வயர். பார்க்கச் சௌகரியமாக இருக்கும். ஆனால் சாட்டா இணைப்பியின் 12 வோல்ற் பகுதி நாலரை அம்பியருக்கென்று செய்யப்பட்டது. பெருக்கினால் 54 வாற்றுத்தான். காட்டோ அந்த வழியால் 75 வாற்று வரை இழுக்க உரிமையுள்ளது. மெல்லிய இணைப்பி சூடாகும், பிளாஸ்ரிக் இளகும், பிறகு கருகும். இந்த வயரை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம் என்று தகப்பன்மாரை நான் நேரே கேட்டுக்கொள்கிறேன். காட் போனால் காசு போகும். இது நெருப்பு விஷயம்.

ஆகவே 75 வாற்றுக்குள் நிற்கும் காட்டுகள் எவை? 2016இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ.; 2019இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650, 2024 பெப்ரவரியில் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 கிகாபைட் வகை. இம்மூன்றும் என்விடியாவினுடையவை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 6400 என்பது 2022இல் வந்தது. 53 வாற்றுத்தான் கேட்கும். பெயரை மாத்திரம் பார்த்து வாங்காதீர்கள். 1650 என்ற பெயரில், தனி வயர் கேட்கும் காட்டுகளும் விற்கப்பட்டன. கேட்காத காட்டுகளும் விற்கப்பட்டன. காட்டின் மேல்விளிம்பைப் பார்த்தால் ஆறு ஊசிப் பொந்து இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பெயரை நம்புவதிலுள்ள தீங்குக்கு ஜி.ரி. 1030 என்னும் சிறிய காட் நல்ல உதாரணம். 2017இல் வந்தபோது அதற்கு வேகமான ஜி.டி.டி.ஆர். 5 நினைவகம், விநாடிக்கு 48 கிகாபைட் தரவு ஓடும். அடுத்த வருஷம் அதே பெயரில், சாதாரண டி.டி.ஆர். 4 நினைவகத்தோடு இன்னொன்றை விட்டார்கள். அதில் ஓடுவது 17 கிகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. பெட்டியின் முகப்பில் இரண்டும் ஜி.ரி. 1030 தான், விளையாட்டிலே ஒன்று மற்றதன் பாதி வேகத்துக்குத் திணறும். சிறு எழுத்தில் உள்ள நினைவக வகையை வாசிக்காமல் காசு கொடுத்தால் அந்தப் பாதியை இழந்தவராவோம்.

ஆர்.எக்ஸ். 6400ஐப் பற்றியும் ஒரு சொல். விலை கொஞ்சம் சகாயமாகவும், ஒடுக்கமான பெட்டிக்குள் நுழையக்கூடியதாகவும் இருப்பதால் பலர் இதை விரும்புகிறார்கள். காட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள பாதையைப் பதினாறு நிரை கொண்ட வீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காட் நான்கு நிரையை மாத்திரம் உபயோகிக்கும். புதிய நான்காம் தலைமுறை வீதியில் ஒவ்வொரு நிரையும் அகலம். ஆகவே நான்கு நிரையிலும் விநாடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட் போய்வரும். 9020இல் உள்ளது மூன்றாம் தலைமுறை வீதி. அங்கே 4 கிகாபைட்தான். 2011ஆம் ஆண்டுப் பெட்டிகளில் இரண்டாம் தலைமுறை. அங்கே 2 தான். காட்டின் 4 கிகாபைட் நினைவகம் நிறைந்து, மேலதிகமானதைத் தாய்ப்பலகை றாமிலிருந்து எடுக்க நேரும்போது, வீதி ஒடுங்கி வண்டிகள் நிற்கும். படம் துள்ளித் துள்ளி ஓடும். அதோடு, காணொளியைச் சுருக்கிப் பதியும் தனி உறுப்பு இந்தக் காட்டிலே வைக்கப்படவில்லை. காணொளி தொகுத்து உழைக்கும் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுத்தால், விவசாயிக்கு மண்வெட்டி என்று சொல்லிக் கரண்டி கொடுத்த கதையாகும். இன்டெல்லின் ஆர்க் ஏ380 காட்டிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. தாய்ப்பலகையில் ரிசைசபிள் பார் என்னும் வசதி இல்லாவிட்டால் அதன் வேகம் மிகவும் குன்றும். 2013இன் பெட்டிகளில் அந்த வசதி இல்லை.

என்னைக் கேட்டால், கோபுரப் பெட்டிக்கு 1650. கையில் கூடக் காசிருந்து, பிளெண்டரோ செயற்கை நுண்ணறிவோ பயில்வதானால் 3050இன் 6 கிகாபைட் வகை. 1050 ரி.ஐ. இன்றும் ஓடும், ஆனால் அதற்கான வழமையான டிறைவர் மென்பொருள் வெளியீட்டை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மாத்திரம் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். மிக மலிவாகக் கிடைத்தாலன்றி அதில் இறங்கவேண்டாம்.

மலிவு என்றவுடன் பாவித்த சாமானின் ஞாபகம் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போயிற்று. புதிய காட் என்ற பேச்சையே அந்த வருஷம் பல வீடுகளில் மூடி வைத்தார்கள். அதே வருஷம் செப்தெம்பர் 15ஆந் திகதி இதேரியம் என்னும் மின்னாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்த நாணயத்தைத் தோண்டுவதற்கென்று இரவுபகலாக ஓடிய எண்ணற்ற காட்டுகள் ஒரே நாளில் வேலையற்றுப் போய், உலகச் சந்தைகளிற் பாவித்த சாமானாக வந்து இறங்கின. அப்படிப்பட்ட காட் முழுவதும் கெட்டது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளேன். ஒரே சூட்டில் ஓடிய சில்லு பெரும்பாலும் பிழைத்திருக்கும். தேய்ந்திருப்பது விசிறியின் சுழலியும், உலர்ந்திருப்பது வெப்பப் பசையும். அவற்றை மாற்றலாம். விற்பவர் முன்னிலையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கச் சம்மதித்தால் வாங்கலாம். சம்மதிக்காவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கெட்ட காட்டைவிட மோசமானது பொய்க் காட். பத்து வருஷத்துக்கு முற்பட்ட ஜி.ரி.எக்ஸ். 550 ரி.ஐ. போன்ற காட்டுகளின் உள்மென்பொருளைத் திருத்தி, 1050 ரி.ஐ. என்று பெயர் மாற்றி விற்கும் வியாபாரம் உலகமெங்கும் நடந்தது. விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். இதைப் பிடிக்க ஓர் எளிய அடையாளம்: உண்மையான 1050 ரி.ஐ.யின் சில்லு பழைய வி.ஜி.ஏ. முறையில் படம் அனுப்பும் ஆற்றல் உடையதன்று. அதன் பின்பக்கத்தில் நீல நிற வி.ஜி.ஏ. பொந்து இருக்கக் கண்டால் சந்தேகப்படுங்கள். ஜீபியூ-இசட் என்னும் இலவச மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். சில்லின் மெய்யான அடையாளத்தைப் பார்த்துப் பொய்யானால் பொய் என்றே எழுதிக் காட்டிவிடும்.

இதனால் இன்னொரு செலவும் வரும். உங்கள் மொனிற்றரில் வி.ஜி.ஏ. பொந்து மாத்திரம் இருக்குமானால், புதிய காட்டுக்கும் அதற்கும் இடையே மின்சுற்றுக் கொண்ட மாற்றி ஒன்று வேண்டும். வெறும் வயர் உதவாது.

இப்பொழுது பெரியவர்கள் கேட்கவேண்டிய கேள்விக்கு வருகிறேன். இந்தப் பழைய பெட்டிக்கு இவ்வளவு காசு போடுவது தகுமா? விண்டோஸ் 10க்கு மைக்ரோசொவ்ற் வழங்கிய ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. வீட்டுப் பாவனையாளர் தனியாகப் பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை தவணை கொடுத்தார்கள். விண்டோஸ் 11க்கு இன்டெல் பக்கத்தில் எட்டாம் தலைமுறைப் புரொசசரும், ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது அவர்கள் விதி. நமது நான்காம் தலைமுறைப் பெட்டி அந்த விதிக்குள் வராது. காட் எவ்வளவு புதியதானாலும் இந்தக் குறை தீராது. லினக்ஸ் போட்டு ஓட்டலாம். பிளெண்டர் அங்கே நன்றாக ஓடும். பல விளையாட்டுகளும் ஓடும். ஆட்டோகாட், அடோபி மென்பொருள்கள் ஓடமாட்டா. பிள்ளையின் வேலை எந்த மென்பொருளில் என்பதை அறிந்தே இதைத் தீர்மானிக்கவேண்டும்.

என்னுடைய கணக்கு ஒன்று உண்டு. ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். காட்டின் விலை, அதே பெட்டியைப் பாவித்த சாமானாக இன்று வாங்கும் விலைக்கு மேற்படக்கூடாது. மேற்பட்டால் காசைப் பொத்தி வைத்து, எட்டாம் தலைமுறைக்குப் பிற்பட்ட பெட்டி ஒன்றைத் தேடுங்கள். மேற்படாவிட்டால் துணிந்து வாங்குங்கள். ஏனெனில் காட் என்பது கழற்றி எடுத்துப் போகக்கூடிய சாமான். நாளைக்குப் பெட்டி மாறினாலும் காட் கூடவே வரும். இந்தப் பெட்டிக்கு மாத்திரம் பொருந்தும் பவர் சப்ளைக்கும் இடைமாற்றி வயருக்கும் போடும் காசோ, வாடகை வீட்டுக்குக் கட்டிய சுவர். போகும்போது தூக்கிக்கொண்டு போக இயலாது.

பொருத்தும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். முன்பு வேறு காட் இருந்தால் அதன் டிறைவர் மென்பொருளை முதலில் நீக்குங்கள். கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பொத்தானை ஒரு தடவை அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றுங்கள். பெட்டியின் இரும்பைக் கையால் தொட்ட பிறகே காட்டை உறையிலிருந்து எடுங்கள்; உடம்பிலிருக்கும் நிலைமின் சில்லுக்கு ஆகாது. பொந்தின் நுனியில் ஒரு சிறு கொளுக்கி உண்டு; பழைய காட்டை அதை விடுவித்தே எடுக்கவேண்டும், புதியதை அது "கிளிக்" என்று பிடிக்குமட்டும் அழுத்தவேண்டும். திருகாணியைப் பூட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் "காட் வேலை செய்யவில்லை" என்று ஓடிவருபவர்களிற் பலர், மொனிற்றர் வயரைப் பழையபடி தாய்ப்பலகையின் பொந்திலேயே சொருகியிருப்பார்கள். வயர் காட்டின் பொந்தில் இருக்கவேண்டும். அப்படியும் ஒளி வராவிட்டால் தாய்ப்பலகையின் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கவேண்டும். பழைய பெட்டிகள் சில புதிய காட்டை அடையாளம் காணாமல் நிற்பதுண்டு.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரின் செம்மண் தூசியும் கடற்காற்றின் உப்பும் விசிறிக்குப் பகை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியை வெளிவிறாந்தைக்குக் கொண்டுபோய், விசிறியை ஒரு விரலால் சுழலாமற் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

கழற்றிய பழைய காட்டைக் குப்பைக்கு எறியவேண்டாம். புதியது வந்த உறையிலேயே அதைச் சுற்றி, எந்தப் பெட்டியிலிருந்து எந்தத் திகதியிற் கழற்றியது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். என்றைக்காவது திரை இருண்டுபோனால், குற்றம் காட்டிலா, மொனிற்றரிலா, பெட்டியிலா என்று கண்டுபிடிக்கக் கடைக்குப் போகுமுன் சொருகிப் பார்ப்பதற்கு அதுதான் கையில் இருக்கும்.